மூச்சை இறுக்கும் குற்றவாளி யார்?

துப்பறியும் கதை என்றால் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்தானே, குட்டீஸ்? இதோ ஒன்று! ஆனால், இது கற்பனை இல்லை. நிஜமாகவே ஒரு பெரிய ஊரில் நடந்தது.

ஸ்பெயின் நாட்டின் கடற்கரை நகரம் பார்சிலோனா. கால்பந்து ரசிகர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. 1981ஆம் ஆண்டிலிருந்து அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் ஒரு விசித்திரம் நடக்கத் தொடங்கியது. சாதாரண நாட்களில் ஆஸ்துமா நோயாளிகள் ஒருவர், இருவர் என்று வருவார்கள். திடீரென ஒரு நாள் கும்பல் கும்பலாக வந்து குவிவார்கள். எல்லோருக்கும் மூச்சு இரைக்கும். நெஞ்சு இறுகும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாது. சிலர் உயிரிழந்தும் போனார்கள். மறுநாள் பார்த்தால், ஒன்றுமே நடக்காதது போல ஊர் அமைதியாக இருக்கும். கொஞ்ச காலம் கழித்து மறுபடியும் அதே கதை! 1987 வரை இப்படி 26 முறை நடந்தது.

யார் செய்த வேலை இது? தொழிற்சாலைப் புகையா? வண்டிப் புகையா? பூக்களின் மகரந்தமா?

ஜோசப் மரியா அந்தோ, ஜோர்டி சுன்யேர் என்ற டாக்டர்களும் அவர்களுடைய குழுவினரும் துப்புத் துலக்க இறங்கினார்கள். நோயாளிகள் எந்தப் பகுதியில் இருந்தபோது மூச்சுத்திணறல் வந்தது என்று பார்த்தார்கள். பெரும்பாலும் துறைமுகத்தை ஒட்டிய பகுதிகள்! சரி, துறைமுகத்தில் என்ன நடக்கிறது? எந்தெந்த நாளில், எந்தக் கப்பலிலிருந்து, என்ன சரக்கு இறக்கினார்கள் என்ற கணக்குப் புத்தகங்களை வாங்கிப் புரட்டினார்கள். மொத்தம் 26 வகைச் சரக்குகள். 1985, 1986 ஆகிய 2 ஆண்டுகளில் மட்டும் 13 நாட்கள் ஊரே இழுப்பில் தவித்திருந்தது. அந்த 13 நாட்களிலும் தவறாமல் இறக்கப்பட்ட சரக்கு ஒன்றே ஒன்றுதான். அது, சோயா பீன்ஸ்!

"அப்படியானால், சோயா இறக்கிய நாளில் எல்லாம் வியாதி வந்திருக்க வேண்டுமே... வரவில்லையே?" என்று உங்களில் யாராவது கேட்டால், உங்களுக்கு ஒரு சபாஷ்! அதே கேள்வியை அவர்களும் கேட்டார்கள். பதில் காற்றில் இருந்தது. அந்த நாட்களில் எல்லாம், துறைமுகத்திலிருந்து ஊரை நோக்கி மெல்லிய காற்று வீசியிருந்தது. பலமான காற்றாக இருந்தால் தூசி சிதறிப் போயிருக்கும். மெல்லிய காற்று, அதை அப்படியே சுமந்து வந்து வீடுகளின் மேல் இறக்கிவிட்டது. ஊருக்குள் காற்றைப் பிடித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, சோயா விதைத் தோலின் துணுக்குகள் கையும் களவுமாகச் சிக்கின.

கடைசியில் பார்த்தால், துறைமுகத்தில் தானியம் சேமிக்கும் உயரமான கோபுரம் ஒன்றின் உச்சியில் தூசி வடிகட்டியே இல்லை! சோயாவைக் கொட்டும்போதெல்லாம் தோல் தூசி வானத்தில் கிளம்பியிருக்கிறது. வடிகட்டியைப் பொருத்தினார்கள். கும்பலாக ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவது நின்றது. 1989இல் இந்தக் கண்டுபிடிப்பு மருத்துவ இதழில் வெளியானபோது, உலகமே ஆச்சரியப்பட்டது.

ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். அந்தத் தூசியை ஊரில் லட்சக்கணக்கானவர்கள் சுவாசித்தார்கள். அவதிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ஏன்?

குழாய் சுருங்கினால்...

நாம் மூச்சு விடும்போது காற்று மூக்கு வழியாக இறங்கி, நுரையீரலுக்குள் கிளை கிளையாகப் பிரியும் குழாய்களில் போகிறது. தலைகீழாக நிற்கும் வேப்ப மரம் போல நினைத்துக் கொள்ளுங்களேன்! ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இந்தக் கிளைகள் தொட்டாற்சிணுங்கி மாதிரி. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத தூசியோ, புகையோ பட்டால்கூட, கிளைகளைச் சுற்றியுள்ள தசை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உள்பக்கச் சுவர் வீங்கும். போதாததற்குச் சளியும் சுரந்து வழியை அடைக்கும். காற்றுப் போக இருக்கும் பாதை சின்னதாகிவிடும். அதனால்தான் 'உய்ங்... உய்ங்...' என்று விசில் சத்தம்.

அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? இளநீர்க் கடையில் கொடுக்கும் ஸ்ட்ராவை வாயில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாக மட்டும் அரை நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். கஷ்டமாக இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது! அவர்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

நாம் சட்டென்று ஸ்ட்ராவை எடுத்துவிடலாம். இழுப்பு வந்தவர்களால் அது முடியாது. 2019ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 26 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருந்தது என்றும், அந்த ஒரே ஆண்டில் சுமார் நாலரை லட்சம் பேர் அதனால் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியான மருந்து கையில் இருந்தால் இவற்றில் பெரும்பாலான சாவுகளைத் தடுத்திருக்கலாம் என்பதுதான் மனதை உறுத்தும் விஷயம்.

இடி, மழை, மகரந்தம்

மழை பெய்தால் காற்று சுத்தமாகும் என்று படித்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்துக்காரர்களிடம் அதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். 2016 நவம்பர் 21ஆம் தேதி, அங்கே நல்ல வெயில். சாயங்காலம் இடியும் மின்னலுமாகப் புயல் காற்று வீசியது. கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்சுக்குப் போன் மேல் போன்! அடுத்த 30 மணி நேரத்தில், வழக்கத்தைவிட மூவாயிரத்துக்கும் அதிகமானோர் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். 10 பேர் இறந்துபோனார்கள்.

குற்றவாளி, ரைகிராஸ் என்ற புல்லின் மகரந்தம். அந்தப் பருவத்தில் அங்கே புல்வெளிகள் எல்லாம் பூத்துக் கிடக்கும். முழு மகரந்தத் துகள் கொஞ்சம் பெரியது. மூக்கிலேயே மாட்டிக்கொண்டு தும்மலை வரவைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். ஆனால், மழைக்கால ஈரத்தை உறிஞ்சினால் அது உப்பி வெடித்துவிடும். ஒரே துகளுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டித் துணுக்குகள் வெளியே வரும். அவை மூக்கைத் தாண்டி நுரையீரலின் கடைசிக் கிளை வரை போய்விடும். புயலின் கீழ்நோக்கிய காற்று அவற்றைத் தரையோடு தரையாகப் பரப்பியது. அதுவரை வெறும் தும்மல் மட்டுமே வந்துகொண்டிருந்த பலருக்கும் அன்றைக்கு முதல் முறையாக இழுப்பு வந்தது. இப்போது அந்த மாநிலத்தில், மழை வருமா என்று அறிவிப்பது போல, 'இடி ஆஸ்துமா' வருமா என்றும் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள்.

தலையணைக்குள் ஒரு மிருகக்காட்சிசாலை!

பார்சிலோனாவும் மெல்பர்னும் எங்கோ இருக்கின்றன. உங்கள் வீட்டுத் தலையணைக்குள் யார் இருக்கிறார்கள் தெரியுமா?

8 கால்கள். கண் கிடையாது. உடம்பின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. பெயர், தூசிப் பூச்சி. நம் உடம்பிலிருந்து தினமும் கண்ணுக்குத் தெரியாமல் உதிரும் தோல் செதில்கள்தான் இதற்குச் சாப்பாடு. கடிக்காது. ரத்தம் குடிக்காது. பாவம், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கும். பிரச்னை, அது போடும் கழிவில்! அது காய்ந்து பொடியாகி, நாம் படுக்கையில் புரளும்போதெல்லாம் கிளம்பி மூக்குக்குள் போகிறது. வீட்டுத் தூசியால் ஆஸ்துமா வருவதற்கு இந்தப் பூச்சிதான் முக்கியக் காரணம் என்பதை 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகர ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதுவரை, 'தூசி' என்றால் வெறும் தூசி என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஈரக் காற்று இதற்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாட்டி என்ன செய்வார்? மெத்தை, தலையணை எல்லாவற்றையும் மொட்டை மாடியில் சுள்ளென்ற வெயிலில் காயப் போடுவார். அருமையான வைத்தியம்! காய்ந்தால் இந்தப் பூச்சி சாகும். ஆனால், அதைக் கம்பால் தட்டி உதறும் வேலையை ஆஸ்துமா இல்லாதவர்கள் செய்யட்டும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை நல்ல சுடுநீரில் துவைக்க வேண்டும். கட்டிலில் குவித்து வைத்திருக்கிறீர்களே, அந்தக் கரடி பொம்மைகள்? அவற்றையும்தான்!

அடுப்படியில் ஓடும் கரப்பான் பூச்சியின் கழிவும் இதே வேலையைச் செய்யும். பூனைக்குட்டி வளர்ப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பூனை தன்னையே நக்கிக்கொள்ளும்போது எச்சிலில் இருக்கும் ஒரு பொருள் முடியில் ஒட்டி, காய்ந்து, காற்றில் பறக்கும். சிலருக்கு அது ஆகவே ஆகாது.

புகை நமக்குப் பகை

கொசுவர்த்திச் சுருளை ஏற்றிவிட்டு, ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு தூங்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை பிடித்ததற்குச் சமம் என்று சொன்னது! அடேயப்பா! கொசுவும் கடிக்கக் கூடாது, புகையும் வேண்டாம் என்றால் கொசு வலைதான் நல்லது.

போகிப் பண்டிகை வந்தால் சின்ன மேளம் தட்டிக்கொண்டு தெருவில் நிற்பது ஜாலிதான். ஆனால், பழைய பாயும் துணியும் மட்டுமா எரிகின்றன? டயர், பிளாஸ்டிக் எல்லாம் எரிகின்றன. மார்கழிப் பனியில் அந்தப் புகை மேலே போகாமல் அப்படியே தரையில் தேங்கி நிற்கும். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் ஓடுபாதை சரியாகத் தெரியாமல் விமானங்களே தடுமாறின என்றால், ஆஸ்துமா உள்ள ஒரு குழந்தை என்ன பாடுபட்டிருக்கும்! தீபாவளி ராக்கெட்டுக்கும் சாட்டைக்கும் இதே கதைதான். ஊதுபத்தி, சாம்பிராணி, விறகடுப்பு, மாமாவின் சிகரெட்... எதுவாக இருந்தாலும் நுரையீரலுக்குப் புகை புகைதான். சாம்பிராணி வாசனையாக இருக்கிறதே என்று அது சலுகை காட்டாது.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். ஒரு காலத்தில் ஆஸ்துமாவுக்கு மருந்தே புகைதான்! 1802இல் சென்னைப் பக்கத்தில் ஊமத்தைச் செடியைப் புகைத்து இழுப்பை அடக்குவதைப் பார்த்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒருவர், அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது பரவி, 'ஆஸ்துமா சிகரெட்' என்றே கடைகளில் விற்கும் அளவுக்குப் போனது. ஊமத்தை கொடிய விஷம். அதை யாரும் தொட்டுக்கூடப் பார்க்க வேண்டாம். இப்போது அதைவிடப் பத்திரமான, நல்ல மருந்துகள் இருக்கின்றன.

ஐஸ்கிரீம் மீது பழி

நம் வீடுகளில் இழுப்பு வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது ஐஸ்கிரீமும் வாழைப்பழமும்தான். உண்மையில், பிள்ளைகளுக்கு இழுப்பை அதிகமாகக் கிளப்பிவிடுவது சாதாரண ஜலதோஷக் கிருமி. பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் செப்டம்பர் மாதம் பள்ளி திறந்த சில வாரங்களில், ஆஸ்துமாவோடு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறும். ஏன்? லீவு முடிந்து எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் ஜலதோஷத்தைப் பரிமாறிக்கொள்வதால்தான்! அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், தும்மும்போது வாயை மூடுவதும் பக்கத்து பெஞ்ச் நண்பனின் மூச்சையும் காப்பாற்றும்.

சில உணவுகள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது நிஜம். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னார் என்று பாலையும் பழத்தையும் நிறுத்தினால் உடம்புதான் இளைக்கும்.

விழுந்து விழுந்து சிரித்தாலோ, தேம்பித் தேம்பி அழுதாலோகூட இழுப்பு வரலாம். வேகமாக ஓடினாலும் வரும். வாயால் வேகமாக மூச்சு வாங்கும்போது குளிர்ந்த, காய்ந்த காற்று நேரே உள்ளே போவதுதான் காரணம். அதற்காக பி.டி. பீரியடில் ஓரமாக உட்கார வேண்டுமா? வேண்டாம்! இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃபுக்கு ஓடினால் இழுப்பு வரும். அவர்தான் 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அதை முறியடிக்க 2019 வரை யாராலும் முடியவில்லை. அமெரிக்காவின் ஏமி வான் டைக்கன், ஆஸ்துமாவோடு நீந்தி 1996 ஒலிம்பிக்கில் 4 தங்கம் வென்றார். மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, ஓடுவதற்கு முன் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிக்கொண்டால் நீங்களும் விளையாடலாம்.

ஒரு பெண் கேட்ட கேள்வி

1950களில் அமெரிக்காவில் ஜார்ஜ் மெய்சன் என்பவர் ஒரு மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்தார். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. அந்தக் காலத்தில், ரப்பர் பந்தை அமுக்கினால் மருந்து தெளிக்கும் கண்ணாடிக் கருவிதான் உண்டு. எளிதில் உடையும், தூக்கிக்கொண்டு போவது தொல்லை. "அப்பா, தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தும் ஒரு டப்பாவில் வரக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டாள். அப்பா யோசித்தார். 1956இல் அமுக்கினால் அளவாக மருந்து வரும் இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது!

அந்த இன்ஹேலரைத்தான் இன்றைக்கும் சில பெரியவர்கள், "பழகிவிட்டால் விடவே முடியாது" என்று பயமுறுத்துகிறார்கள். தவறு! மூச்சுக் குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் என்ற மருந்தை மாத்திரையாகச் சாப்பிட்டால் 2 மில்லிகிராம் உள்ளே போகும். அது உடம்பெல்லாம் சுற்றும். இன்ஹேலரில் ஒருமுறை உறிஞ்சினால் வெறும் 0.1 மில்லிகிராம். 20இல் ஒரு பங்குதான். அதுவும் நேரே போக வேண்டிய இடத்துக்கே போகிறது. இழுப்பு வந்தவுடன் எடுப்பது ஒரு வகை. வீக்கம் வராமலே தடுக்க, நன்றாக இருக்கும் நாளிலும் எடுப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையைத்தான் பலரும், "இப்போதுதான் சரியாகிவிட்டதே" என்று நிறுத்திவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

வகுப்பில் யாராவது இன்ஹேலரை எடுத்தால், கேலி செய்யாதீர்கள் குட்டீஸ். ஆஸ்துமா தொற்றுநோய் இல்லை. பக்கத்தில் உட்காரலாம், டிபனைப் பகிர்ந்துகொள்ளலாம். நீங்கள் கேலி செய்தால், அந்த நண்பன் அடுத்த முறை வெட்கப்பட்டு அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவான். அன்றைக்குப் பார்த்து இழுப்பு வந்தால்?

அப்படி உங்கள் முன்னால் யாருக்காவது வந்தால், சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். அவனைப் படுக்க வைக்கக் கூடாது; நிமிர்ந்து உட்கார வையுங்கள். கழுத்து பட்டனைத் தளர்த்திவிட்டு, டாக்டர் சொன்னபடி அவனுடைய இன்ஹேலரை எடுத்துக்கொள்ள உதவுங்கள். ஒருவர் ஓடிப்போய் டீச்சரை அழைத்து வர வேண்டும். சில நிமிடங்களில் குறையவில்லை, பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் யோசிக்கவே கூடாது. உடனே 108!

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரு துப்பறியும் வேலை. ஒருவருக்குக் கொசுவர்த்தி எதிரி என்றால், இன்னொருவருக்குப் பூனை. உங்கள் எதிரி யார் என்று பார்சிலோனா டாக்டர்கள் மாதிரி நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு 40 பக்க நோட்டு போதும். இழுப்பு வந்த தேதி, நேரம், அப்போது எங்கே இருந்தீர்கள், பக்கத்தில் என்ன எரிந்தது, என்ன பறந்தது, ஜலதோஷம் இருந்ததா, மழையா, பனியா என்று எழுதுங்கள். இழுப்பு வராத நாளையும் குறிக்க மறக்காதீர்கள்; அந்த டாக்டர்களுக்குக் காற்றின் ரகசியம் அப்படித்தான் பிடிபட்டது! அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, அந்த நோட்டையும் பையில் எடுத்து வையுங்கள்.